அத்தான் ஜெயித்த ஆசனம்

அத்தானின் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் மேலெழாமல் அப்படியே நின்றது, கொழுக்கட்டை மாவில் விரல் பதிந்ததுபோல. தோல் இழுபட்டுப் பளபளத்தது. அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அத்தானோ சிரித்தார். "வலியே இல்ல மச்சான். காலு இருக்கிறதே தெரியல. சாமி சொன்ன மாதிரிதான் எல்லாம் நடக்குது" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் குமட்டுகிறது. அவரை நினைத்தல்ல, அவர் வாயில் அந்தப் பேச்சை ஊட்டிவிட்டவனை நினைத்து.

அத்தான் என் அக்காவின் கணவர். பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் பெரிய கிராணி. அவருக்குக் கீழே நான் சின்னக் கிராணி. ஊரிலிருந்து கப்பலேறி வந்த எனக்கு வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். சாப்பாடும் படுக்கையும் அவர் வீட்டில்தான். கரையில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால், நடுக்கடலில் சரக்குத் தோணியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். நடையும் அப்படித்தான், பிட் ஸ்திரீட் பள்ளிவாசல் வரைக்கும் அவரோடு நடந்து போய்வந்தால் எனக்கு மூச்சு வாங்கும். மீன் குழம்பும் புழுங்கல் அரிசிச் சோறும் இருந்தால் போதும், அக்காவை மகாராணி என்பார். அப்படிப்பட்ட மனிதர், இருந்த ஒரே குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு தூக்கத்தை இழந்தார். விடிய விடியக் கூடத்தில் நடந்துகொண்டிருப்பார். அக்காவுக்கு அழத் தெரிந்தது. அவருக்கு அதுவும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து இறங்கினான் அந்தச் சாமி. அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத என் பேனா மறுக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தம் கடை மாடியை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார். புலித்தோல், ஊதுவத்திப் புகை, வளர்த்த நகம், எண்ணெய் வழியும் சடை, வயிறு மூன்று மடிப்பு. அந்த மடிப்புகளுக்கு இடையே விபூதி வியர்வையில் கரைந்து சேறாகி நிற்கும். சீடர்கள் அதை விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். நான் கண்ணால் பார்த்தேன், கட்டுக்கதை சொல்லவில்லை. "யோகம்னா வேற ஒண்ணுமில்ல. உக்காருறதுதான். உடம்பைக் கட்டினவன் மனசைக் கட்டினவன். ஆசனத்தை ஜெயிச்சவன் எமனை ஜெயிச்சவன்" என்பது அவன் உபதேசம்.

உட்காருவதில் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. வலது பாதத்தை இடது தொடைமீதும் இடது பாதத்தை வலது தொடைமீதும் ஏற்றி, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி அத்தான் முதன்முதலாக அந்த மாடியில் உட்கார்ந்துவிட்டு வந்த அன்று நிம்மதியாகத் தூங்கினார். அக்கா அவர் குறட்டையைக் கேட்டுச் சந்தோஷத்தில் என்னைத் தட்டி எழுப்பினாள். மனம் ஓய்வதற்கு உடம்பு ஓர் இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதன் பயன் என்று நான் இன்றும் நினைக்கிறேன். பெரியவர்கள் ஏணியாக வைத்ததை இந்தப் பயல் மாடி வீடாகவே காட்டினான். ஒருவன் அசையாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்பதே ஞானத்துக்கு அளவுகோல் ஆயிற்று. உட்கார்ந்திருக்கும் சீடன் தலையில் எலுமிச்சம்பழத்தை வைப்பான். பழம் விழுந்தால் பாவி, விழாவிட்டால் பக்குவி.

பிறகு சாப்பாட்டில் கை வைத்தான். நம்மவர்கள் விரத நாளுக்கும் படையலுக்கும் பச்சரிசி பொங்குவதும், புழுங்கல் அரிசி ஒருமுறை வெந்தது என்று அதைச் சாமிக்கு ஆகாதென ஒதுக்குவதும் உள்ள வழக்கம்தான். அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "யோகிக்கு எல்லா நாளும் விரதம்" என்றான். புழுங்கல் தாமசம், பருப்பு வாயு, மீன் பாவம், கீரை மந்தம். சியாமிலிருந்து வரும், பாலிலே கழுவியதுபோல் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியும் உப்பும் கொஞ்சம் சீனியும் போதும் என்றான். அத்தான் வீட்டுப் புழுங்கல் அரிசி மூட்டையைத் தோட்டக்காட்டு ஆள் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "மீன் வேணாம்னா வேணாம், ஒரு பருப்பாவது ஊத்திக்கிட்டுச் சாப்பிடுங்க" என்று அக்கா கெஞ்சுவாள். அவர் தலையாட்டிவிட்டு வெறுஞ்சோற்றைப் பிசைவார். அதே நேரத்தில் மாடிக்கு உளுந்து வடையும் பாதாம் அல்வாவும் ஏறிக்கொண்டிருந்தன. கேட்டால், சித்தி அடைந்தவனை உணவு ஒட்டாதாம். ஊருக்குத்தான் உபதேசம், தனக்கில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

சில மாதங்களில் அத்தானின் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. சாமியிடம் சொன்னார். குண்டலினி கண் விழிக்கிறாள் என்றான். பாதம் மரத்தது. உடம்பு பந்தம் அறுகிறது என்றான். கால் வீங்கியது. அது பிராணன் கீழே நிறைவது என்றான். அந்தக் காலால் கிட்டங்கிப் படியேற முடியாமல் அத்தான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்த சீனக் கூலிகள் தங்களுக்குள் ஏதோ பேசித் தலையை ஆட்டினார்கள். வெள்ளைச் சோறு தின்றே காலம் தள்ளிய அந்த மக்களிடையே அது தெரிந்த நோய். நமக்குத்தான் அது ஞானமாகப் பட்டது.

அந்த ஊசிச் சடங்கை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பௌர்ணமி பூசைக்கு மாடி நிறையக் கூட்டம். அத்தான் நடுவில் பத்மாசனத்தில் இருந்தார். சாமி சாக்குத் தைக்கும் கோணி ஊசியை எடுத்து, மேல்நோக்கியிருந்த அவர் உள்ளங்காலில் குத்தினான். எனக்குப் பல் கூசியது. அத்தான் இமையைக்கூட அசைக்கவில்லை. ஊசியைத் திருகினான். அப்போதும் இல்லை. "பாத்தீங்களா! ஆசன ஜெயம்!" என்று அவன் கத்த, சங்கு ஊதினார்கள். பாதத்திலிருந்து வடிந்த ரத்தத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், படித்தவர்கள், பெண்டு பிள்ளைக்காரர்கள். மாலையோடு கீழே இறங்கும்போது அத்தானின் காலுக்குப் படி தெரியவில்லை. நானும் ஜவுளிக்கடைக்காரரும் தாங்கிப் பிடித்தோம்.

மறுநாளே அவரைச் சண்டை போட்டு ஆசுபத்திரிக்கு இழுத்துப்போனேன். அங்கே இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நீங்கள் என்ன அரிசி சாப்பிடுறனியள்?" பதிலைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பெரிபெரி என்றார். தீட்டிய அரிசி தின்று வருவது, புழுங்கல் தின்னும் தமிழர்களிடம் தாம் அதிகம் காணாதது என்றார். "பயறும் தவிடும் குடுங்கோ, பழையபடி புழுங்கல் சோத்துக்குத் திரும்பச் சொல்லுங்கோ. கால் திரும்பும். விட்டால் நெஞ்சில ஏறும்" என்று கூட வந்திருந்த அக்காவிடம் சொன்னார். பிழைக்க அவ்வளவுதான் வேண்டியிருந்தது, ஒரு கைப்பிடி தவிடு.

அத்தான் மாட்டுத் தீனி தின்ன மறுத்தார். அக்கா தவிட்டை வறுத்து வெல்லம் கலந்து உருண்டை பிடித்தாள். கோயில் பிரசாதம் என்றாள். இரண்டு நாள் தின்றவர், மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "ஜெயிச்சவன இறக்கப் பாக்குறியே" என்று அழுதார். பிள்ளை செத்தபோது அழாதவர் அப்போது அழுதார். அக்கா அவர் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஜெயிச்சவரு வேணாங்க, நீங்க போதும்" என்றாள். அன்று மாலையே சாமியின் ஆட்கள் வந்து அவரை ரிக்‌ஷாவில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோனார்கள். பெண்சாதி தவத்தைக் கலைக்கிறாளாம். போலீசுக்குப் போனேன். பெரிய மனுஷன் தன் இஷ்டப்படி உட்கார்ந்திருக்கிறார், நாங்கள் என்ன செய்வது என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு காலைநேரம், கிட்டங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. "அண்ணன் சமாதி ஆயிட்டாரு." சேதி கொண்டுவந்த சீடன் முகத்தில் துக்கம் இல்லை, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவன்போல் நின்றான்.

மாடியில் அவரைப் புலித்தோலில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பலகை. தாடையைத் தூக்கித் தலையோடு ஒரு கட்டு. பத்மாசனம் நழுவாமல் இருக்க, வீங்கிய இரண்டு முழங்காலையும் காவித்துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டுக்கு மேலும் கீழும் சதை பிதுங்கி நின்றது. மல்லிகையும் ஊதுவத்தியும் மறைக்க முடியாத ஒரு வாடை. ஜனங்கள் வரிசையில் வந்து விழுந்து கும்பிட்டார்கள். உட்கார்ந்தபடியே புதைக்க இடம் பேசியாகிவிட்டதாம். "அழக்கூடாது தாயீ. உம்புருஷன் ஜெயிச்சுட்டான்" என்றான் அந்தத் தடியன்.

அக்கா அழவில்லை. நேரே போய் அந்தக் காவி முடிச்சில் கை வைத்தாள். ஒரு சீடன் ஓடிவந்து, "அக்கா, தொடாதீங்க, தீட்டாயிடும்" என்றான். "எம்புருஷன் காலு. எனக்கு என்னடா தீட்டு?" என்றாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. "தம்பி, அந்தப் பக்கம் பிடி" என்றாள். இருவருமாகச் சேர்ந்து பாதங்களைத் தொடையிலிருந்து இறக்கினோம். லேசில் வரவில்லை. அவள் முழங்காலைத் தடவித் தடவி, குழந்தைக்குச் செய்வதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள். பலகையை எடுத்து வீசிவிட்டு அவரை மல்லாக்கப் படுக்க வைத்தாள். "சௌரியமாப் படுங்க" என்றாள் அவரிடம். அன்று பிற்பகலே நம் வழக்கப்படி தகனம் செய்தோம்.

சாமி ஈப்போவுக்குப் போனான். அங்கே தன் சீடன் ஒருவன் பினாங்கில் ஜீவசமாதி அடைந்த கதையைச் சொல்லிப் பெரிய மடமே கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் படுக்கவைத்த பிணத்தை அவன் மறுபடியும் உட்காரவைத்துவிட்டான். இப்போது நகரத்தில் மின்விசிறி போட்ட மண்டபங்களில் பிள்ளைகள் பாய் விரித்துக் கண்ணை மூடி உட்காருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், மாலையில் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். இருந்தும் எவனாவது மேடையேறி 'ஜெயித்தவன்' என்று வாயெடுத்தால் நான் எழுந்து வந்துவிடுகிறேன்.

அதன் பிறகு அக்கா யார் முன்னாலும் காலை மடக்கி உட்கார்ந்ததில்லை. பெரியவர்கள் இருக்கும் சபையிலும் இரண்டு காலையும் நேராக நீட்டிக்கொள்வாள். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் சந்நிதியைப் பார்த்தே அப்படி உட்கார்ந்திருந்தாள். பூசாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, காலை மடக்குங்க, சாமி பாக்குறாரு லா" என்றார்.

"பாக்கட்டும்" என்றாள் அக்கா. காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.