பின் இருக்கையில் ராணுவம்

டாக்சி ஓட்டுகிறவனுக்குப் பயணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. கதவைத் திறந்து யார் ஏறினாலும் வணக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் ஓட்டுவது ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில். போன நூற்றாண்டின் நடுவில் வந்திறங்கிய அமெரிக்கப் படை இன்னும் இங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே ஜெர்மன் படைக்கும் ஒரு முகாம் உண்டு. ஆமிக்கு, அதாவது இலங்கை ராணுவத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவர்களில் நானும் ஒருவன். ஓடி வந்து நின்ற இடத்தைப் பாருங்கள்.

போதாக்குறைக்கு, என் மகள் ஆரணி போன வருடம் ஜெர்மன் படையில் சேர்ந்துவிட்டாள். தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னேன்: அந்த உடுப்போடு என் வீட்டு வாசலுக்கு வராதே. அவளும் சரியென்று தலையாட்டினாள். எசன் நகரில் இருக்கும் என் பள்ளிக்கூடச் சிநேகிதன் செய்தி கேள்விப்பட்டுப் போனில் சொன்னான்: "நாங்கள் ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ என்னடா எண்டால் ஆமியை வீட்டுக்குள்ளையே வளர்த்திருக்கிறாய்."

உள்விளக்கு

இந்த வேலைக்கு வந்த முதல் மார்கழி. பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிட்டது. ஒரு வளைவில் திரும்பினால் வரிசையாக யுத்த தாங்கிகள் வீதியைக் கடந்துகொண்டிருந்தன. அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் கையைக் காட்டி மறித்தான். என் கைகள் என்னைக் கேட்காமலே வேலையைத் தொடங்கின. முன்விளக்கை அணைத்தேன், காருக்குள் விளக்கைப் போட்டேன், கண்ணாடியை இறக்கி அடையாள அட்டையை நீட்டினேன். யாழ்ப்பாணத்தில் வான் ஓட்டிய காலத்தில் ராணுவக் காவலரணில் இதில் ஒன்று பிந்தினாலும் துப்பாக்கிச் சூடு விழும். பின்னால் இருந்த ஜெர்மன்காரப் பயணி, இவனுக்கு என்ன நடந்தது என்பதுபோலப் பார்த்தார்.

சிப்பாய்க்கு அந்த அட்டை எதற்கென்றே விளங்கவில்லை. அதை அவன் தொடவுமில்லை. துவக்கு வைத்திருக்கிற ஒருவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அன்றைக்குத்தான் முதல்முறை. அரைகுறை ஜெர்மனில் அவன் சொன்னதை நம்முடைய பேச்சில் தருகிறேன்: "மறிச்சதுக்கு மன்னிக்கோணும் ஐயா. நாங்கள் கடந்து போகுமட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ."

சோளத்தோட்டம்

ஹுபர் என்ற விவசாயி தன் கார் பழுதென்று என்னை அழைத்தார். போர் ஒத்திகை பார்த்த யுத்த தாங்கி ஒன்று அவருடைய சோளத்தோட்டத்தின் மூலையில் ஏறித் திரும்பியிருந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது சீருடைக்காரர் இரண்டு பேர் அளவுநாடாவைப் பிடித்து, நட்டஈட்டுக்காகச் சரிந்த பயிரை அளந்துகொண்டிருந்தார்கள். ஹுபர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏசினார். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

எங்கள் வீட்டுக்கு ஆமி வந்தபோது பூட்ஸ் சப்பாத்துக் காலோடு சாமியறை வரைக்கும் போனார்கள். அந்தச் சேற்று அடையாளத்தை அம்மா குனிந்திருந்து கழுவியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எவரும் நாடா கொண்டு அளக்க வரவில்லை. திரும்பும் வழியில், ராணுவமே வந்து நட்டத்தை அளப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா என்று ஹுபரிடம் கேட்டேன். அவர் எரிச்சல் ஆறாமல் சொன்னார்: "இந்த முறை பிந்திப் போச்சு. போன முறை அடுத்த நாளே அளக்க வந்தவங்கள்."

கெல்லர் அம்மையாரின் அண்ணன்

ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு நான் வழக்கமாக ஏற்றிப்போகும் கெல்லர் அம்மையாருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒருநாள் ரேடியோவில் பாராளுமன்ற விவாதம். இளம் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்கு அழைப்பதா வேண்டாமா என்று இரு பக்கமும் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மையார் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். சின்ன வயதில் இதையேதான் கேட்டேன் என்றார். இரண்டாம் உலகப் போரில் தோற்றுப் படை கலைக்கப்பட்ட நாடு, பத்து வருடத்துக்குள் புதுப்படை வேண்டுமா என்று அடிபட்டதாம்.

அவருடைய தகப்பன் ரஷ்யாவில் ஒரு கையை விட்டுவிட்டு வந்தவர். அண்ணன் புதுப்படையில் சேர்ந்தபோது, அந்த உடுப்போடு படியேறாதே என்று தகப்பன் சொல்லிவிட்டார். அண்ணன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலில் உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வருவாராம். தகப்பன் சாகும்வரை மகனைச் சீருடையில் பார்க்கவேயில்லை. யார் சொன்னது சரி என்று கேட்டேன். உண்மையில் நான் கேட்டது எனக்காகத்தான். "ரெண்டு பேரும் சரி," என்றார். "அதுதான் இவங்கள் இன்னும் சண்டை பிடிக்கிறாங்கள். வாயாலை சண்டை பிடிக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லை."

நாடா

ஆரணி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஜீன்ஸோடுதான் வருவாள். முகாமிலிருந்தே அப்படித்தான் புறப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை ரயில் நிலையத்து டாக்சி வரிசையில் என் வண்டி முன்னால் நின்றது. பின்கதவு திறந்தது, ஒரு பெரிய பை உள்ளே விழுந்தது, அதன் பின்னால் சீருடையில் என் மகள் ஏறினாள். "வழமையா ஸ்டேஷன் டொய்லெட்டிலை மாத்திப்போட்டுத்தான் வாறனான் அப்பா. இண்டைக்கு அது பூட்டிக் கிடக்கு. வழியிலை எங்கையாவது நிப்பாட்டுங்கோ."

மாட்டுக்கொட்டில் ஞாபகம் வந்தது. பெட்ரோல் நிலையம் வந்தது, நான் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் என் கை பழக்கதோஷத்தில் உள்விளக்கைப் போட்டது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவளை முழுதாகப் பார்த்தேன். என் அம்மாவின் மூக்கோடு ஒரு சிப்பாய். பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இறங்கி வா பிள்ளை என்றேன்.

கதவைத் திறந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். ஆரணி உள்ளே போகவில்லை. படியில் குந்தி சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். அவளுடைய பையைப் பிடித்தபடி நான் நின்றேன். வீட்டுக்குள் வருவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றுகிற சிப்பாயை நான் பார்த்ததில்லை. அவள் நிமிராமலே சொன்னாள்: "நீங்கள் உள்ளை போங்கோ அப்பா. நாடா நீளம். கழட்டிப்போட்டு வாறன்."

இத்தனை வருடத்தில் என் டாக்சியில் ஏறி வாடகை தராமல் இறங்கிய ஒரே ராணுவம் இதுதான், பொலிஸில் முறைப்பாடு செய்யவும் எனக்கு மனமில்லை.