சிறைப் பட்டியலும் குருட்டு மட்டக்குதிரையும்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக பைபிளைத் திறப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அமெரிக்க மலைப்பகுதியில் உள்ள எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஏராளம். உண்மையில் முதலில் திறப்பது சிறையின் இணையப் பக்கத்தை. நேற்று யாரைப் பிடித்துப் போட்டார்கள், என்ன வழக்கு, படத்தில் மூஞ்சி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றெல்லாம் பார்த்தால்தான் காபி தொண்டையில் இறங்கும். கேட்டுப் பாருங்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படியிருக்க, தீவனக் கடைக் கணினியில் தினமும் ஏழு மணிக்கு வெர்லீன் ஸ்டிடம் என்கிற கல்லாக்காரி அந்தப் பக்கத்தைப் பகிரங்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்வது கடைக்காரர் எல்டன் மேகார்டுக்குப் பிடிக்கவில்லை.

எல்டன் நகரத்தில் காப்பீட்டு அலுவலகத்தில் பதினைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, மலைக்குத் திரும்பி வந்து இந்தக் கடையை வாங்கியவர். வெர்லீன் கடையோடு கூடவே வந்தவள். வயது அறுபத்து மூன்று, அதில் இருபத்தாறு வருடம் அதே கல்லாவில். கடையை விற்றவர் தராசு, தள்ளுவண்டி, வெர்லீன் என்று மூன்றையும் ஒரே மூச்சில்தான் ஒப்படைத்தார்.

ஒரு நாள் எல்டன் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டார். "வெர்லீன், வர்றவங்க எல்லாம் பாக்குறாங்க. ஊர்வம்பு நம்ம கடையில வேணாமே."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டிராய் ஹால். நேத்து சாயங்காலம் அஞ்சேகாலுக்கு உள்ள வச்சிருக்காங்க. ஜாமீன் எடுக்க நாதி கிடையாது. மாசம் ரெண்டு மூட்டை கோழித் தீவனம், ஒரு மூட்டை ஆட்டுத் தீவனம். அக்கம்பக்கம் வீடே இல்ல." கோட்டை மாட்டிக்கொண்டாள். "மதியச் சாப்பாட்டு நேரத்த இப்பவே எடுத்துக்கறேன், கண்ணு."

அவள் திரும்பி வந்தபோது காலணி முழுக்க ஆட்டுப் புழுக்கை. அப்போதுதான் எல்டனுக்கு விளங்கியது. இந்தப் பொம்பளை பட்டியலில் பார்ப்பது மனிதர்களை இல்லை. யார் எந்த மூட்டை வாங்குகிறார்கள் என்பது இருபத்தாறு வருடமாக அவள் தலைக்குள் இருக்கிறது. பெயரைப் பார்த்த உடனே, அந்த வீட்டுக் கொட்டிலில் இப்போது எது தண்ணீர் இல்லாமல் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சிறைக்குப் போனவன் திரும்பி வந்து பார்த்தால் கோழி செத்துக் கிடக்காமல் கோழியாகவே இருக்கும். பக்கத்து மலை இடுக்கில் இருக்கும் மாமனோ மச்சானோ வந்து பார்த்துக்கொண்டான் என்று நினைத்துக்கொள்வான். அவளும் அதைத் திருத்தப் போனதில்லை.

இரக்க சுபாவம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அவள் வீட்டில் ஒரு பூனை கிடையாது. "எனக்கு நாய்னாலே ஆகாது. நாத்தம் குடலப் புடுங்கும்" என்பாள். பிறகு எதற்காம் இந்த வேலை என்று எல்டன் ஒரு முறை கேட்டார்.

"அவன் என்ன பண்ணான்னு அதுல போட்டிருக்கு. பண்ணானா இல்லையானு சொல்ல ஜட்ஜ் இருக்காரு. அந்தக் கோழி என்ன பண்ணுச்சுன்னு எங்கயும் போடலையே."

எல்டன் தராசைத் துடைக்கப் போய்விட்டார்.

ஜனவரியில், ஓடை அடி வரைக்கும் உறைந்து கிடந்த வாரத்தில், டெல்மர் ராட்லிஃப் கடைக்கு வரவில்லை. வியாழன் தவறாமல் வருகிற மனிதர். ஏழு வேட்டைநாய்களுக்கு மூன்று மூட்டை, கூடவே கிழட்டுக் குதிரைகளுக்கான, எளிதில் ஊறும் தீவனம் ஒரு மூட்டை. அது பேர்ல் என்கிற அவருடைய மட்டக்குதிரைக்கு. முப்பத்தொரு வயது, இரண்டு கண்ணும் போய்விட்டது, பல்லும் இல்லை. தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுக்க வேண்டும். காய்ந்தபடி தின்றால் தொண்டையில் அடைத்துச் செத்துப்போகும்.

வெள்ளிக்கிழமை காலை வெர்லீன் பட்டியலை மேலிருந்து கீழ் வரை இரண்டு தரம் பார்த்தாள். டெல்மர் இல்லை.

"ஒடம்புக்கு முடியாம இருக்கும்" என்றார் எல்டன்.

"முடியாமப் போனா ஊர்ந்தாவது வருவான் அந்த ஆளு."

"அப்ப வீட்டுக்குப் போய்ப் பாத்துடலாமே."

"எந்த வீடு? நவம்பர்ல டிரெய்லர் வீட்ட இழுத்துக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் எங்கயோ போயிட்டான். யாருக்கும் தெரியாது. போன் கிடையாது. சொல்ற ஆளும் கிடையாது."

எல்டன் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். டெல்மரைக் கண்டுபிடித்தால்தான் இடம் தெரியும். இடம் தெரிந்தால்தான் அந்தக் குருட்டு ஜீவன் பிழைக்கும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி.

அடுத்த ஒரு மணி நேரம் அவள் செய்ததை எல்டன் கல்லாவைக்கூட கவனிக்காமல் நின்று பார்த்தார். எங்கள் சிறைப் பட்டியலில் எங்கள் சிறைக்கு வருகிறவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். மலைக்கு அப்பால் உள்ள கவுண்டிகள் பல, கட்டுப்படியாகாமல் சிறையை மூடிவிட்டு, பிடிபட்டவர்களை வேறு கவுண்டிச் சிறைக்கு அனுப்பிவிடுகின்றன. அதனால் அவள் சிறையில் ஆரம்பிக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தை அழைத்தாள். டெல்மர் ராட்லிஃப் என்ற பெயரில் ஏதாவது விசாரணைத் தேதி விழுந்திருக்கிறதா என்று கேட்டாள். பொதுப் பதிவு அது, யார் கேட்டாலும் சொல்ல வேண்டும். டிரக்கில் பிரேக் விளக்கு எரியவில்லை என்று ஒரு அபராதச் சீட்டு. டிசம்பர் ஒன்பதாம் தேதி ஆஜராகவில்லை. பிடியாணை. இந்தச் செவ்வாய்க்கிழமை பிடித்துவிட்டார்கள்.

"வெளக்கு," என்றாள் வெர்லீன், யாரிடமும் இல்லாமல். "ஒரு தம்மாத்தூண்டு வெளக்குக்கு."

அந்தக் கவுண்டி தன் ஆட்களை இரண்டு சிறைகளுக்கு அனுப்பும் என்று எழுத்தர் அலுவலகப் பெண்ணே சொன்னாள். முதல் சிறையின் பட்டியலில் இல்லை. இரண்டாவதில், பெயரைத் தப்பாக எழுதியிருப்பார்கள் என்று அதை அடிக்காமல், செவ்வாய்க்கிழமை உள்ளே வந்தவர்களை மட்டும் வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனாள். பதினோராவது படத்தில் டெல்மர். வயது ஐம்பத்தெட்டு, செவ்வாய் மாலை நான்கு மணி, ஆஜராகத் தவறியது. படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. எங்கோ ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ராத்திரி போய்விட்டது.

சிறையின் வரவேற்பு மேசையை அழைத்தாள். உள்ளே இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல முடியாது, நாளைக்குப் பத்து மணிக்குப் பார்வை நேரம், அப்போது வாருங்கள் என்றது மறுமுனைக் குரல்.

"அவருகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. அவர எந்த எடத்துல புடிச்சாங்கன்னு பதிவுல போட்டிருக்கும். அத மட்டும் படிச்சுச் சொல்லு. டிரக்க யாரு இழுத்துட்டுப் போனாங்கன்னும் சொல்லு."

மறுமுனையில் விசை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு படித்தார்கள். பழைய நிலக்கரி எடைமேடைக்கு எதிரில். இழுத்துப் போனது இன்னார். அந்தக் குரல் கடைசியில் தணிந்து, "புடிச்ச அன்னிக்கு என்னவோ குதிரைன்னு சொல்லியிருக்காரு போல. யாரோ சிரிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் வாயே தொறக்கலம்மா. சாப்பாட்டையும் தொடல" என்றது.

டிரக்கை இழுத்துப் போனவன் வாய் நிறையத் தின்றுகொண்டே போனை எடுத்தான். "டெல்மரா? நவம்பர்ல அவன் டிரெய்லர இழுத்துட்டுப் போயி விட்டதே நான்தான். மூடிக் கெடக்குற பள்ளிக்கூடம் தாண்டி மூணாவது இடுக்கு. என் வண்டியோட அச்சு ஒடஞ்சது அங்கதான், மறப்பனா?"

எல்டன் கடைக் கதவில் 'மூடப்பட்டுள்ளது' பலகையைத் திருப்பி வைத்தார். கடை வாங்கிய இரண்டு வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. வெர்லீன் இரண்டு பெரிய பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டாள்.

டிரெய்லர் கண்ணில் படும் முன்பே நாய்களின் சத்தம் கேட்டது. தொண்டை கட்டி, இருமல் மாதிரி. ஏழும் உயிரோடு இருந்தன. தண்ணீர்த் தொட்டி கல்லாகிக் கிடந்தது. அதை நக்கி நக்கி நடுவில் குழி விழுந்திருந்தது. எல்டன் கோடாலியால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தபோது வெர்லீன் கொட்டிலுக்குள் போய்விட்டாள். உள்ளிருந்து சத்தமே வரவில்லை. எல்டன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

பேர்ல் நின்றுகொண்டிருந்தது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி, நான்கு காலையும் அகட்டி வைத்து, விழுந்தால் எழ முடியாது என்று தெரிந்தது போல நின்றுகொண்டிருந்தது. வெர்லீன் முழங்கால் போட்டு உட்கார்ந்து வாளியில் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். நாய் நாற்றத்துக்கு முகம் சுளிக்கிறவள், அந்தக் குதிரையின் ஊத்தை வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவதும். மூன்றாவதை அது விழுங்கியது. தொண்டை அசைவதை எல்டன் பார்த்தார். தேவாலயத்தில்கூட அவர் தொப்பியைக் கழற்ற மறந்துபோகிற ஆள். அந்தக் கொட்டிலில் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்தும் விடியாமலும் கொட்டிலுக்குப் போய் இன்னொரு வாளி கொடுத்துவிட்டு, பத்து மணிக்குச் சிறையில் இருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெல்மர் வந்து உட்கார்ந்தார். தீவனக் கடைக்காரர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. பேர்ல் விஷயமாகத்தான் என்று தோன்றியதும் முகம் இறுகியது. டெலிபோனை எடுத்தார். வெர்லீன் தன் பக்கத்து டெலிபோனை எல்டனுக்கும் கேட்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாத வெர்லீன்," என்றார் டெல்மர். "எனக்குத் தெரியும். நாலு நாளா இங்க உக்காந்து அவள மனசுக்குள்ளயே பொதச்சிட்டேன். உன் வாயால வேற கேக்க வேணாம்."

அவளுக்கு ஆறுதல் சொல்ல வராது. வந்ததேயில்லை. எல்டன் முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் அவள் கல்லாவில் வாடிக்கையாளரைக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"இன்னிக்குக் காலையில ரெண்டாவது வாளியில பாதி மிச்சம் வச்சிடுச்சு. தண்ணிய நான் அதிகமா ஊத்திட்டேனோ?"

டெல்மர் அவளைப் பார்த்தார். டெலிபோன் பிடித்த கை மெல்லக் கீழே இறங்கி, நெற்றி மேசைமேல் சாய்ந்தது. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்ற காவலர் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். வெர்லீன் அவசரப்படவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

கடைசியில் அவர் டெலிபோனைத் தேடி எடுத்தார்.

"தண்ணி சரிதான்," என்றார். "ஆறிப்போயிருக்கும். அவளுக்குச் சூடா இருக்கணும்."