லிஃப்ட் நிற்காத மூன்றாம் மாடி

நண்பனைப் பார்க்க ஜாலான் புசாரில் ஒரு பழைய ஹோட்டலுக்குப் போனேன். லிஃப்ட் திறந்ததும் அடித்த கிரீஸ் வாசனை நேராக, சின்ன வயதில் நாங்கள் இருந்த குவீன்ஸ்டவுனுக்கு இழுத்துப் போய்விட்டது. இடித்துத் தள்ளிவிட்ட எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நாலாவது மாடியில்தான் நிற்கும், நாங்கள் இருந்ததோ மூன்றாவது. மார்க்கெட் பைகளோடு அம்மா நாலில் இறங்கி, திறந்து கிடக்கும் கதவுகளைத் தாண்டி, மிளகாய்ச் சம்பால் வதக்கும் நெடி, ரேடியோ, அரட்டை எல்லாவற்றிலும் மாட்டிக்கொண்டு, ஒருவழியாகப் படியிறங்கி வருவதற்குள் என் ஐஸ்கிரீம் உருகிவிடும், எனக்குக் கடுப்பேறும்.

ஊர் மேலே மேலே வளர்ந்ததில் இப்போது எங்களுக்கு முப்பத்திரண்டாவது மாடி, வாசலிலேயே லிஃப்ட். அம்மா இன்னமும் முப்பத்துமூன்றை அமுக்குகிறாள். இன்றும் படியிறங்கித்தான் வந்தாள்.

"பழைய ஞாபகமாம்மா? நம்ம மாடியிலயே நிக்குது லா."

"தெரியும்டா. மேல யாராச்சும் கதவத் திறந்து வச்சிருக்காங்களான்னு பாத்துட்டு வரேன்."

"வச்சிருக்காங்களா?"

"இன்னும் இல்ல."

ஏர்கானை அணைத்துவிட்டு எங்கள் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறேன். வியர்த்து ஊற்றுகிறது. லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன்.