கூலரிடம் சொன்னது

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஹடப்சர் பக்கம் ஒரு கடையில் ஏர் கூலரின் புல் தட்டிக்குத் தண்ணீர் விட்டார்கள். அந்த ஈர வாசனையில், சின்ன வயதில் நாங்கள் இருந்த தாபோடி குவார்ட்டர்ஸின் மே மாத மதியங்கள் திரும்பி வந்தன. எங்கள் வரிசையில் சுமதி வீட்டில் மட்டும்தான் கூலர். பிள்ளைகள் எல்லோரும் அதன்முன் வெறுந்தரையில் படுத்துக்கொண்டு முறைவைத்து விசிறிக்குள் பேசுவோம். குரல் நடுங்கி நடுங்கி வேறு யாருடையதோ போலக் கேட்கும் என்பதால், எங்கும் வாய் திறக்காத நானும் அங்கே பேசுவேன்.

சுமதியின் அப்பாவுக்கு ஜபல்பூருக்கு மாற்றலானது. யார் வீட்டிலும் போன் இல்லை. ஊர் மாறினால் குரல்கூடக் கேட்காது. என் முறையில், "சுமதி, நீ போகாதே" என்றேன். பாதியில் கரண்ட் போய், "போகாதே" மட்டும் என் சொந்தக் குரலில் அறை முழுக்கக் கேட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அரே, இன்னொரு தடவை சொல்லுடா."

"கரண்ட் வரட்டும்."

வந்தது. நான் கழுதை போலக் கத்திக் காட்டினேன்.

இன்று கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், ஓடும் கூலரிடம் குனிந்து, "சுமதி, நீ போகாதே" என்றேன். கரண்ட் போகவில்லை.

மே 18, ஞாயிறு.