உதட்டில் குண்டூசி

என் சின்ன நாத்தனாரின் மகளைத் தெருவில் எல்லோரும் குண்டூசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரி. கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை உதட்டில் குண்டூசிகள் இருக்கும். எது கேட்டாலும் "ம்", "ம்ஹூம்". அளவெடுக்கும்போது "திரும்பு" என்பதைக்கூட விரலால்தான் சொல்வாள்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று துணி கொடுக்க வந்தவர்கள் குத்திக் காட்டுவார்கள். தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர்.

தலைக்கனமெல்லாம் இல்லை. கூட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் ஒருக்களித்து நிற்பதுபோல, முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அவள் அப்பாவுக்கும் அப்படித்தான், அவருடைய அத்தைக்கும் அப்படித்தான். கல்யாண போட்டோவில்கூட உதட்டை ஒட்டிக்கொண்டுதான் சிரித்திருப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. பால்பல் விழுவதற்குள் பின்னால் புதுப்பல் முளைத்து, கீழே இரட்டை வரிசையாகிவிட்டது. மேலே வந்த பெரிய பற்கள் இரண்டும் முட்டிக்கொண்டு திரும்பி நின்றன. பஸ் ஓட்டும் புருஷன் லீவு போட்டு அம்மாவையும் மகளையும் பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். துணைக்கு நானும் போனேன்.

"வீட்ல வேற யாருக்காவது பல்லு இப்படி நெருக்கமா இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவங்க பக்கம்" என்றாள் குண்டூசி அக்கா, உதடு பிரியாமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் பக்கத்தில் எனக்குத் தெரியாத ஆளில்லை. அத்தனை பேருக்கும் சோளக்கதிர் மாதிரி பல். அவன் ஒரு நொடி பெண்டாட்டியைப் பார்த்தான்.

"ஆமாங்க டாக்டர், எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான்."

"உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே?"

"நான் மட்டும் தப்பிச்சுட்டேங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"கண்ணு, ஆ காட்டு."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டது. அப்பன் கெஞ்சினான், நான் மிரட்டினேன். ம்ஹூம்.

"தாடை வளர வளர கொஞ்சம் இடம் கிடைக்கும். எந்தப் பால்பல்லை எடுக்கணும்னு இப்பவே பார்த்துட்டா நல்லது. வாயே திறக்கலைன்னா நான் என்ன பண்றது?" என்றார் டாக்டரம்மா.

"எல்லாரும் சிரிப்பாங்க" என்று பிள்ளை வாயைப் பொத்திய கைக்குள் முணுமுணுத்தது.

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. அம்மா யார்கிட்டயும் காட்ட மாட்டாங்கல்ல, அதான்."

குண்டூசி அக்காவின் விரல் பழக்கத்தில் உதட்டுக்குப் போனது. அங்கே ஊசி இல்லை.

"அவங்க பக்கம் இல்ல டாக்டர். என் பக்கம்தான்."

மகளைச் சாய்வு நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு, அதில் தானே படுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, விளக்குக்கு நேராக வாயைத் திறந்தாள். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. கண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது, துடைக்கவில்லை.

பிள்ளை எக்கி எட்டிப் பார்த்தது.

"ஐயோ அம்மா, உனக்கும் ஒண்ணு பின்னாடி ஒளிஞ்சு நிக்குது!"

சொன்ன வாயை அது மூடவே இல்லை. டாக்டரம்மா அப்படியே கண்ணாடியை அதன் வாய்க்குள் நீட்டினார்.

புருஷன் மட்டும் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. அவள் எழுந்து வாயை மூடும்வரை சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.