ஊர் ஜாதகத்தில் அரை மணி நேரம்

நிமிஷக்காரர் என்று அவருக்குப் பட்டம் கட்டியது யாரென்று தெரியவில்லை. கட்டியவர் ஆளை நன்றாக எடை போட்டிருக்கிறார். துறைமுக அலுவலகத்தில் கடல் நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். கணக்குப் பிசகினால் கப்பல் தரை தட்டும். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சாயங்காலங்களில் தெருக்காரர்களுக்குச் சும்மாவே ஜாதகம் பார்ப்பார். ஆனால் பிறந்த நேரத்தைக் கேட்டு ஆளைக் குடைந்து எடுத்துவிடுவார். "விடியக்காலைல பிறந்தாங்க" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் தொலைந்தார்கள். "விடியக்காலைன்னா எப்ப? பேப்பர் வந்துச்சா, வரலையா?" என்று பிடித்துக்கொள்வார்.

மனிதர்கள் போதாதென்று ஊருக்கும் ஒரு ஜாதகம் கணித்து வைத்திருந்தார். ஊரை உண்டாக்கிய கப்பல் தலைவன் இங்கே வரவேண்டும் என்று வந்தவன் இல்லை. வேறெங்கோ போகக் கிளம்பி, இருட்டில் மணல் திட்டில் முட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் திட்டிக்கொண்டே கரையேறினான். வெளிச்சம் வந்ததும் துணியைப் பிழிந்து உடுத்திக்கொண்டு, ஏதோ தானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் மாதிரி கொடியை நட்டான். அவன் கால் பட்டபோது கடக லக்னம். கொடி ஏறியபோது சிம்ம லக்னம் வந்துவிட்டது. நடுவில் அரை மணி நேரம்தான்.

நிமிஷக்காரர் கடகக் கட்சி. "குழந்தை அழுதாத்தான் பிறப்பு. கரையில கால் வெச்சு முதல் திட்டு திட்டினான் பாருங்க, அதான் இந்த ஊரோட முதல் அழுகை" என்பார். "நண்டு ஊருங்க இது. நம்ம தெருவையே பாருங்களேன். கடலுக்குப் போற மாதிரி கிளம்பும், பாதியில பக்கவாட்டுல திரும்பிடும். மேல ஓடு, உள்ள ஈரம். வெளியூர்க்காரனைப் பிடிச்சா விடாது. சொந்தப் பிள்ளையைக் கப்பலேத்தி அனுப்பிட்டு மழைக்காலம் பூரா அழும்." கேட்பவர்கள் ஆவென்று வாயைப் பிளப்பார்கள். சொன்னது தன் வீட்டுக்கே வந்து சேரும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அவருக்கு ஒரே மகள். தாய் இல்லாமல் அவரே வளர்த்தவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் ஒருவன், பருந்துக் கண் படைத்தவன், மூன்றாவது முறையாகக் கண் பரிசோதனைக்கு வந்தபோது கடையில் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. நிமிஷக்காரருக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. இடறியது நட்சத்திரம். மகள் பிறந்தது ஆயில்யத்தின் கடைசி நிமிஷங்களில். கொஞ்சம் பொறுத்துப் பிறந்திருந்தால் மகம். ஆயில்யத்து மருமகள் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. பையனின் அம்மா பயந்த சுபாவம்.

அந்த அம்மாள் ஒருநாள் தனியாக வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

"ஐயா, எனக்கும் உங்க பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக் கெடியாரம் முன்னப்பின்ன ஓடாதா? மகம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற யாரையும் நான் கேக்க மாட்டேன்."

பொய் சொல்லச் சொல்லி ஒருத்தி கெஞ்சுகிறாள், அதையும் நம்பிவிடத் தயாராக இருக்கிறாள். இதைவிட ஒரு மனுஷி எப்படி இறங்கி வர முடியும்? நம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக் கெடியாரம் இல்லம்மா. என் கைக்கெடியாரம். வாசல்ல நின்னு அழுகைச் சத்தம் கேட்டுப் பாத்தேன். ஆயில்யம்தான்."

கதவுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள்.

கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. அந்த அம்மாள் மருமகள் என்று ஒருத்தி வீட்டுக்கு வராமலே, அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தாள். காரியங்களை முடித்துவிட்டு மகன் கப்பலேறியவன் திரும்பவில்லை. "பாத்தியா? நீ அந்த வீட்டுக்குப் போயிருந்தா பழி உன் தலையில விழுந்திருக்கும்" என்றார் நிமிஷக்காரர், சாப்பிட்டுக்கொண்டே. மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு வந்த வரன் எதற்கும் அவள் தலையாட்டவில்லை. காதோரம் நரைத்தும்விட்டது. ஏதோ பழியிலிருந்து பெண்ணைக் காப்பாற்றினோம் என்ற அந்த ஒரு நினைப்பை வைத்துத்தான் கிழவர் காலத்தை ஓட்டினார்.

ஊருக்குப் பிறந்தநாள் விழா வந்தது. நகராட்சி விழாக் குழுத் தலைவர் வீடு தேடி வந்தார்.

"ஊர் ஜாதகத்தை நீங்கதான் மேடையில சொல்லணும் ஐயா. ஆனா நண்டு வேணாம். சிங்கம் செஞ்சாச்சு. அட்டையில, ரெண்டாள் உயரத்துக்கு. அரை மணி நேரம்தானே, கொஞ்சம் தள்ளிக்கோங்களேன்."

அந்தச் சமயத்தில் அவரிடம் ஜாதகம் கேட்டு யாரும் வருவதில்லை. எல்லோரும் போனிலேயே பார்த்துக்கொண்டார்கள். மைக், முன்வரிசைப் பெரிய மனிதர்கள், பேப்பரில் படம். கிழவர் மோவாயைத் தடவினார்.

"கொடி ஏறினதையும் ஒரு வகையில பிறப்புன்னு சொல்லலாம்தான்" என்றார்.

சொல்லிவிட்டார். சிம்ம லக்னம், ராஜ ஊர், ஆளப் பிறந்த ஊர் என்று விளாசித் தள்ளினார். அரங்கம் அதிர்ந்தது. கேடயம் கொடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் மகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, கேடயத்தை எங்கே வைப்பது என்று அவர் அலமாரி முன்னால் நின்றபோது கேட்டாள். கடையில் 'இப்பத் தெளிவாத் தெரியுதா?' என்று கேட்கிற அதே குரல்.

"ஊருக்குன்னா அரை மணி நேரம் தள்ளலாமாப்பா?"

அவருக்கு உடனே உறைத்தது.

"தப்புதாம்மா. அன்னைக்கே மகம்னு சொல்லியிருக்கணும்." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய ஆறுதல் பழக்கதோஷத்தில் பின்னாலேயே வந்துவிட்டது. "ஆனா அந்தம்மா எப்படியும் அந்த மழையில போயிருப்பாங்க. பழி உன் தலையில..."

"விழுந்தா விழுந்துட்டுப் போகுதுப்பா" என்றாள் மகள். "அவங்க அம்மாவை எடுத்துட்டுப் போனப்ப அவரு ஒத்தையா நின்னாரு. பக்கத்துல நான் நின்னிருப்பேன்."

நிமிஷக்காரர் கேடயத்தைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பிறந்த நேரம் கேட்கவில்லை.