எடைக்குக் கீழே

தரையில் உருண்டு மல்லுக்கட்டும் ஜூஜிட்சுவில் யாராவது என் மார்பின்மேல் குறுக்காகப் படுத்துவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். வலி இருக்காது, வெறும் எடைதான். உடனே தரைவிரிப்பைத் தட்டிவிடுவேன். தட்டினால் எதிராளி விட்டுவிட வேண்டும் என்பது விதி. ஒரகடத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கேதான் போவேன். தினமும் வருகிறவர்களோடெல்லாம் உருண்டும் நான் தேறவே இல்லை.

அங்கே பிள்ளைப்பாக்கத்து அக்கா ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி. என்னைவிட மிகப் பெரிய உடம்பு. ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"எக்கா, கொஞ்ச நாளைக்கு சண்டையே வேண்டாம். நீங்க மேல படுங்க. நான் வெளிய வாரத மட்டும் பழகுதேன்."

"தெனமும் இதேவா?"

"இதேதான்."

"இன்னா பொண்ணோ," என்றவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

முதலில் வெளியே வர முயலவே இல்லை. அவருக்கு அடியில் கிடந்து மூச்சு விட மட்டும் பழகினேன். காற்றை இழுத்து இழுத்து உள்ளேயே அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. பிறகு கைகள். பயத்தில் நான் கையை நீட்டித் தள்ளும்போதெல்லாம் அக்கா அதைப் பிடித்து, "இப்ப ஒடைக்கலாம்," என்பார். முன்கையை அவர் கழுத்தோரம் முட்டுக் கொடுக்கவும், ஒருக்களித்து இடுப்பை நகர்த்தவும், கிடைத்த இடைவெளியில் முழங்காலை நுழைக்கவும் பல வாரங்கள் ஆயின. அதுவும் அவர் பாதி பலம் கொடுத்தபோதுதான்.

ஒரு சாயங்காலம் அக்கா யாரிடமும் பேசாமல் வந்தார். என்மேல் படுத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. தோளால் என் தாடையை நெரித்தார். விலா எலும்பு வளைவதுபோல இருந்தது.

"எக்கா, மெதுவா."

அவர் காதில் விழவில்லை. தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டேன். தட்டவில்லை. மூச்சை வெளியே விட்டேன். முன்கையை நுழைத்தேன், ஒருக்களித்தேன். மறுபடியும் அமுக்கினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு முறை மூச்சை விட்டு இடுப்பை இழுத்தேன். முழங்கால் உள்ளே போனது. புரண்டு வெளியே வந்து அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"கேட்டாண்ட ஒருத்தன் ஐடி கார்டு காட்டாம உள்ள போனான். கேட்டதுக்கு என் கைய புடிச்சு முறுக்கி ஓரமா தள்ளினான். எல்லாரும் பாத்துகினு நிக்கறாங்க. இங்க வந்து இவ்ளோ கத்துகினும், நான் அப்டியே நின்னுட்டேன்மா."

விலாவைப் பிடித்துக்கொண்டே, "எந்தக் கை எக்கா?" என்று கேட்டேன். வலது மணிக்கட்டை நீட்டினார்.

அன்றிலிருந்து பாதி நேரம் எனக்கு, பாதி நேரம் அவருக்கு. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவேன், அவர் விடுவித்துக்கொள்ள வேண்டும். முதல் நாட்களில் பிடித்தவுடனே அவர் உடம்பு விறைத்துப்போகும். விடாமல் அதையே செய்தோம். நான் முழுப் பலத்தோடு இழுத்தாலும் என் கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி உருவிக்கொள்ளும் அளவுக்கு வந்தார்.

அந்த ஆள் மறுபடியும் வந்ததை மறுநாள் வகுப்பில் வைத்துத்தான் சொன்னார்.

"புடிச்சான். உருவிகினேன். கார்டு காட்டுங்க சார்னேன்."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் மொறச்சான். காட்டினான்."

சொல்லிவிட்டு அக்கா தரைவிரிப்பில் முட்டி போட்டு எனக்காகக் காத்திருந்தார்.